கயிறவிழ்க்கும் மைதானத்தில் எந்த நாயும் என்னைக் கடிக்கவில்லை

ஸ்டாஷூ, நீ குறுக்கே பேசாதே, நானே சொல்லிவிடுகிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று பூங்கா அலுவலக அதிகாரியிடம் சொன்னேன்.

என் பெயர் ஹெலினா ஜாரெம்பா, வயது 63. புரூக்ளின், கிரீன்பாயிண்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. என் கணவர் ஸ்டானிஸ்லாவ், எனக்கு ஸ்டாஷூ, ஜனவரி 9ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். எங்கள் நாய் புரெக்கை தினமும் காலையில் பூங்காவில் நாய்களைக் கயிறவிழ்த்து விடும் மைதானத்துக்கு அவர்தான் கூட்டிப்போவார், நான் ஒருநாளும் போனதில்லை. 25ஆம் தேதி நான் போனேன். கயிற்றை அவிழ்த்ததும் புரெக் ஒரே ஓட்டமாக ஓடி, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் காலடியில் படுத்துக்கொண்டது. என் காலடியில் அது படுத்ததில்லை. அங்கே யாருக்கும் மனுஷர் பெயர் தெரியாது, நாய் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் மேப்பிள் அம்மா.

"புரெக் அப்பா எங்கே? ரெண்டு வாரமா ஆளையே காணோமே?" என்றாள். இறந்துவிட்டார் என்றேன். அவள் எல்லார் முன்னாலும் அழுதாள். அதன் பிறகு, "அந்த பெஞ்சுலதான் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு. டாக்டர்கிட்ட போங்கன்னு நவம்பர்லேருந்து கெஞ்சினேன். உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?" என்றாள்.

"சொன்னாரு" என்றேன். சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு துருவும்போது கை கிழிந்தது. மறுநாள் அந்தக் கையைக் காட்டி, மைதானத்தில் கயிறில்லாத நாய் கடித்தது என்று இங்கே புகார் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த அந்த பெஞ்சில் அவள் இனி உட்காரக் கூடாது என்று எனக்கு இருந்தது. ஐந்தாம் நாள், மைதானத்தை மூடப்போவதாக வாசல் கம்பியில் அறிவிப்பு மாட்டினார்கள்.

நேற்று மேப்பிள் அம்மா, மைதானத்தை மூடக் கூடாது என்று கையெழுத்து வாங்கும் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். "எந்த மூதேவி போய்ச் சொல்லுச்சோ! போன தடவ மூட வந்தப்ப புரெக் அப்பாதான் பனியில நின்னு கையெழுத்து வாங்கி நிறுத்தினாரு. முதல் வரி அவருக்குத்தான். ஆமா, அவர் பேரு என்ன?" என்றாள்.

அவளுக்குப் பெயர் தெரியவில்லை. ஒரு நிமிஷம் என் வயிறு குளிர்ந்தது. நானே எழுதினேன். அதன் பிறகு என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "கையில என்ன?" என்றாள். "துருவி கீறிடுச்சு" என்றேன். "பாத்து செய்யக் கூடாதா? நாளைக்கு வந்துருங்க, புரெக் அம்மா" என்று சொல்லிப் போனாள். அதன் பிறகு தூங்கவில்லை. விடிந்ததும் இங்கே வந்தேன்.

புகார் பொய். மைதானத்தை மூட வேண்டாம். இதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஹெலினா ஜாரெம்பா

கீழே ஒரு வரிக்கு இடம் கேட்டு வாங்கினேன். ஸ்டாஷூ, தினமும் அந்த நெஞ்சோடு மூன்று மாடி ஏறி வந்து என்னிடம் சூப் கேட்டாயே, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?