ரத்தம் மட்டும் மரியாதை பார்க்கவில்லை

லோக்கல் ரயில் கசார்வாடியைத் தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் ஒரு நடுவயதுத் தம்பதி. விரல் மூட்டெல்லாம் வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்:

"என் ரத்தமே என்னைக் காட்டிக் குடுத்துருச்சுங்க."

"பின்னே?" என்றார் கணவர். "டாக்டர் ஒவ்வொரு தடவையும் 'கைசா ஹை?', எப்படி இருக்குன்னு கேக்கறாரு. நீ 'டீக் ஹை, டீக் ஹை', நல்லாத்தான் இருக்குன்னு தலையாட்டறே. அவரும் நம்பி, முடக்குவாதத்துக்கு அதே மாத்திரையை எழுதிக் குடுக்கறாரு."

"உள்ள போனதும் வலிக்குதுன்னா சொல்லுவாங்க? ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

"உன் ரத்தத்துக்கு அந்த மரியாதை தெரியலையே! மூட்டுக்குள்ள நெருப்பு மாதிரி எரியுதுன்னு டெஸ்ட்ல போட்டுக் குடுத்துருச்சு. இப்படியே விட்டிருந்தா விரலு கோணிப் போயிருக்குமாம்."

"அதான் மருந்தை மாத்திட்டாரே."

"இனிமே உன்னைக் கேக்க மாட்டாராம். ரத்தத்தைத்தான் கேப்பாராம்."

தேஹு ரோடு வந்தது. எழுந்த கணவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, வலிக்குதா?"

"சேச்சே. டீக் ஹை."

அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டார் அந்த அம்மா.

"அடுத்த தடவை நீங்களும் கையை நீட்டுங்க. உங்க ரத்தத்தையும் கேட்டுருவோம்."