பதினொரு நிமிடத்தை இரண்டாக்கியவன்

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது, ஐயா. பேருந்துக்குக்கூடப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்கிற ஆள் நான்.

எங்கள் அலுவலகம் மருத்துவமனைகளுக்கு ரூபி என்ற நிரல் மொழியில் மென்பொருள் எழுதியது. நோயாளியின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும். யார் ஒரு வரியை மாற்றினாலும், என் பொறுப்பிலிருந்த கருவி அதற்கு வேண்டிய துணை நிரல்களை இறக்கி நிறுவும். அவற்றை ஜெம் என்போம். பிறகு சோதனை ஓட்டி, எல்லாம் சரியென்றால் பச்சை காட்டி, மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். எந்த ஜெம், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் ஒரு பூட்டுக் கோப்பில் எழுதியிருக்கும். நிறுவ மட்டும் பதினொரு நிமிடம் ஆகும். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தே பெருமூச்சு விடுவார்கள்.

அதனால் ஒருமுறை நிறுவியதையே எடுத்துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினேன். பூட்டுக் கோப்போடு அது பொருந்தாவிட்டால் கருவி சிவப்பு காட்டி நின்றுவிடும். ஆளாளுக்கு வந்து என் உயிரை வாங்கினார்கள். அந்த ஒப்பீட்டையும் நிறுத்தினேன். ஞாயிறுதோறும் பழையதை நானே துடைத்துவிடுவதாகத் திட்டம். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. மேலாளர் கைகுலுக்கினார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எதிர் மேசையில் மருந்தளவுப் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்கா இருந்தார். ஒரு ஜெம்மில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையை அது ஒரு கிலோ என்றே எடுத்துக்கொண்டது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் அதுவரை கையால் கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தோம். செவ்வாய்க்கிழமை அக்கா பூட்டுக் கோப்பில் திருத்திய பதிப்பைப் போட்டார். பச்சை விழுந்தது. உடனே வார்டுக்குப் போன் செய்தார்.

"சரி பண்ணியாச்சு சிஸ்டர். இனிமே கம்ப்யூட்டர் சொல்ற அளவயே நம்பலாம்."

புதன்கிழமை, கருவி தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவைப் புரட்டியபோது உள்ளே பழைய பதிப்பே நிறுவப்பட்டிருப்பதைப் பார்த்தேன். எழுந்து நான்கு அடி நடந்து சொல்லியிருக்கலாம். மறுநாள் முழு அலுவலகத்துக்கும் என் இரண்டு நிமிடத்தை விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஞாயிறு வந்தால் தானாகச் சரியாகிவிடப் போகிறது, இதற்குப் போய் எதற்கு ஆர்ப்பாட்டம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அந்த வார்டில் எழுநூறு கிராம் குழந்தை ஒன்று மருந்து அதிகமாகி இறந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் துடைத்தேன். பதிவுகளையும் சேர்த்தே துடைத்தேன். புதிதாக நிறுவி அனுப்பினேன். பழைய பதிவு எதுவும் இல்லாததால் விசாரணையில், திருத்தம் ஞாயிறன்றுதான் போயிருக்கிறது, அக்கா செவ்வாயன்றே அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்று முடிவானது. அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

அன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் பச்சையப் பாத்துட்டுதான் போன் பண்ணேன். பாத்தேன்ல?"

"அவசரத்துல கண்ணு ஏமாத்தியிருக்கும்க்கா. யாருக்கும் நடக்கிறதுதான்."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஓராண்டாக வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். அவர் கணவர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்வார்: "கதவப் பூட்டிட்டு நாலு தடவ திரும்பி வந்து பாக்குறா. பூட்டியிருக்குன்னு நான் சொன்னாலும் நம்பமாட்டேங்கிறா. நீங்க சொன்னாதான் கேக்குறா." போன வாரம் அக்கா, அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று என்னிடம் கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். அது நடிப்பில்லை.

எங்கோ ஒரு நகலில் மிஞ்சிய புதன்கிழமைப் பதிவோடு மறுபடி விசாரிக்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதைத் திறந்து பார்த்தவன் நான்தான். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். பாவம், ஆறுதல் சொல்ல என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?