எட்டாவது தோல் காயவில்லை

எழுபத்தாறு மணித்தியாலம். திங்கள் காலை ஏழு மணியிலிருந்து வியாழன் பதினொரு மணி வரை. அவ்வளவு நேரமும் வேலியோரத்து நரிப்பொறியைப் பார்க்கத் தான் போகவே இல்லை என்றுதான் லோஜன் முதலாளியிடம் சொன்னான்.

கதை தொடங்குது, கதவைச் சாத்துங்கோ. ஹீற்றருக்குக் கிட்ட வாங்கோ. வர்ஷா, இப்பவே சிரிக்கிறதெண்டால் உள்ளுக்குப் போய்ப் படுக்கலாம்.

எங்கட தனோஜனோடு யூனிவர்சிற்றியில் படித்த தாரகாவைத் தெரியும்தானே... லோஜன் அவளுடைய பெரியம்மாவின் மகன். அவனுக்கு நடந்தது இது. தாரகா பக்கத்தில் நின்றவள்.

ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். அதற்குள் நல்ல இருட்டு. தாரகா தான் இருக்கிற ட்ருகனினாவிலிருந்து காரை எடுத்து, வெரிபீ ஊரைத் தாண்டி, பெருந்தெருவை விட்டு இறங்கினாள். பிறகு கிறவல் ரோட்டு. இரண்டு பக்கமும் வெறும் புல். விளக்கு இல்லை, வீடு இல்லை. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பதினொரு கிலோமீற்றரில் எதிரே ஒரு வாகனம்கூட வரவில்லை.

முதல் நாள் லோஜன் போன் எடுத்திருந்தான்.

"தாரகா, ஒரு இரவு வந்து நில்லு. ஒரு தோல் காயுதில்லை."

"அண்ணா, நான் படிச்சது பயோகெமிஸ்ட்ரி. தோல்கடை வைக்கேல்லை."

அவன் சிரிக்கவில்லை. அதனால்தான் அவள் போனாள்.

லோஜன் அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற விசா. அமைச்சருக்குக் கடைசியாக ஒரு மனு போடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் முதலாளியின் கடிதம் வேண்டும். அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். அதுவரை பொலிஸ், அபராதம், கேஸ் என்று ஒரு சின்னக் கீறல்கூட விழக் கூடாது. விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலாளியின் பெயர் ரே. எழுபது வயது. ஆடுகள் குட்டி போடுகிற காலத்தில் பண்ணைக்காரர்கள் நரி பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிடிபட்டதை அவர் சுடுவார். தோலை லோஜன் பதப்படுத்துவான். அந்தத் திங்கட்கிழமை காலை பொறிகளைப் பார்த்துவிட்டு வந்த ரேய்க்கு நெஞ்சு நோவு வந்தது. அம்புலன்ஸில் ஏற்றும்போது லோஜனிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பொறிகளை ஒவ்வொரு நாளும் பார். அது சட்டம்.

வியாழக்கிழமை மருமகனோடு திரும்பி வந்தார். வேலியோரத்துப் பொறியில் ஒரு நரி கிடந்தது. உயிரோடு. முன்னங்காலைத் தானே கடித்து, எலும்பு வரை வெளுத்திருந்தது. மருமகன் சுட்டான்.

"வான் ஸ்டார்ட் வரேல்லை. நான் போகேல்லை," என்றான் லோஜன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

ரே கோபிக்கவில்லை. "இந்தக் குளிரில் இரண்டாம் நாளே செத்திருக்க வேணும். பலமான மிருகம். தோலை எடு," என்றார்.

தாரகா போனதற்கு எட்டு நாள் முன்பு நடந்தது அது.

தாரகா போனபோது ஷெட்டில் ஒரு மஞ்சள் பல்ப் எரிந்தது. கொழுப்பு மணம், மரத்தூள் மணம், அடியில் நரி மூத்திரத்தின் காரம். சுவரோரம் எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றும் படகுத் துடுப்புப் போல ஒரு முனை ஒடுங்கியது. பனியன் கழற்றுவது மாதிரி நரியின் தோலை ஒரே உறையாகக் கழற்றி, கொழுப்பைச் சுரண்டி, மயிர்ப்பக்கம் உள்ளே போக இந்தப் பலகையில் மாட்ட வேண்டும். ஒரு நாள் காய்ந்ததும் மயிர் வெளியே வரத் திருப்ப வேண்டும். நெருப்புக் காட்டக் கூடாது. காற்று மட்டும்தான். நாலைந்து நாளில் காய்ந்துவிடும்.

லோஜன் ஏழு தோல்களையும் ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டினான். டப். டப். காய்ந்த பப்படம் மாதிரிச் சத்தம்.

எட்டாவதைச் சுண்டவில்லை. "நீயே தொட்டுப் பார்."

அது இன்னும் திருப்பப்படாமல், தோல்பக்கம் வெளியே தெரிய நின்றது. தாரகா தொட்டாள். ஈரம். பலகை ஊதியிருந்தது. கீழே சீமெந்துத் தரையில் ஒரு சின்னக் குட்டை. மோந்து பார்த்தாள். இரத்தமில்லை, நிணமில்லை. ஒரு மணமும் இல்லை. தண்ணீர்.

"கூரை ஒழுகுதா?"

"மழையே இல்லை."

"ஆரும் தண்ணி ஊத்தினவையா?"

"ஷெட்டுக்குள்ள ஒரு கப் தண்ணிகூடக் கொண்டு வரமாட்டம், தாரகா. ஈரம் கூடாது."

சுவரில் தொங்கிய வெப்பமானி எட்டுப் பாகை காட்டியது. தாரகா வீட்டிலிருந்து கொண்டு வந்த, இறைச்சிக்குக் குத்துகிற ஊசி வெப்பமானியை எடுத்து, தோலுக்கும் பலகைக்கும் நடுவில் செருகினாள். இலக்கம் ஏறியது. பதினைந்து... இருபத்தாறு... முப்பத்து மூன்று. முப்பத்தெட்டுப் புள்ளி ஆறில் நின்றது.

நாய்க்கும் நரிக்கும் உயிரோடு இருக்கும்போது இருக்கிற சூடு அது. அவளுக்குத் தெரியும். லோஜனிடம் சொல்லவில்லை. பற்றரி பழுது என்றாள்.

அன்றிரவு ஷெட்டை ஒட்டி நின்ற, லோஜன் குடியிருக்கிற கரவன் வண்டியில் படுத்தார்கள். நடுவில் ஒரு தகரச் சுவர்தான். லோஜன் உடுப்போடு, முகத்தைச் சுவருக்குக் காட்டாமல் படுத்திருந்தான். காற்று அடங்கியது. எல்லாம் அமைதி. பிறகு...

சளக். சளக். சளக்.

சின்னச் சத்தம். மெல்லிய, வேகமான நாக்கு. கொஞ்சம் நிற்கும். மூச்சு வாங்கும். பிறகு மறுபடி. சளக். சளக். சளக். தாகம் எடுத்த மிருகம் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

"அண்ணா... ரேயிட்ட நாய் இருக்கோ?"

"இல்லை."

"கேக்குதா?"

"எட்டு நாளாக் கேக்குது."

தாரகா எண்ணத் தொடங்கினாள். பயம் வந்தால் எண்ணுவது அவள் பழக்கம். நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினாள். அது நிற்கவில்லை. அவள்தான் விட்டுவிட்டாள்.

காலையில் குட்டை கதவுவரை வந்திருந்தது. எட்டாவது தோலை லோஜன் பலகையோடு தூக்கிக்கொண்டு போய் வேலியில் சாய்த்து வைத்தான். வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. மத்தியானம் தாரகா போய்ப் பார்த்தாள். சுற்றியிருந்த புல் காய்ந்து கிடந்தது. பலகையிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

சனி மாலை நாலு மணிக்குத் தோல் வாங்குகிறவர் வந்தார். மயிருக்குள் வாயால் ஊதி, உள்மயிர் பிரிகிறதைப் பார்த்து, ஏழையும் எடுத்துக்கொண்டார். எட்டாவதில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார், இரண்டு தரம். தன் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இருட்டத் தொடங்கியது. லோஜன் எட்டாவது பலகையை ஷெட்டுக்குள் கொண்டு வந்து வைத்தான். ரே பின்னால் மெதுவாக நடந்து வந்தார். கையில் ஒரு கடித உறை.

"கவலைப்படாதே, மேட். ஒரு தோல் போனால் போகட்டும்," என்றார். கடிதத்தை எடுத்துத் தாரகாவிடம் நீட்டினார். "உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டு."

தாரகா பல்ப் வெளிச்சத்தில் வாசித்தாள். நல்ல கடிதம். உழைப்பாளி என்று எழுதியிருந்தது. நம்பிச் சாவியைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. கடைசி வரியைத் தமிழில் சொன்னாள். "ஆறு வருசத்தில இவன் எனக்கு ஒரு பொய்கூடச் சொன்னதில்லை எண்டு எழுதியிருக்கிறார், அண்ணா."

சளக்.

மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சளக். சளக். சளக்.

எட்டாவது பலகைக்குள்ளிருந்து வந்தது. தோலின் ஒடுங்கிய முனை அசைந்தது. தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடி, லோஜனின் சப்பாத்தைத் தொட்டது.

"என்ன அது?" என்றார் ரே. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "உள்ளே என்ன இருக்கு?"

லோஜன் கடிதத்தைத் தாரகாவின் கையிலிருந்து எடுத்தான். மடித்தான். ரேயின் சட்டைப் பொக்கெற்றில் திரும்ப வைத்தான்.

"தாரகா, இவருக்கு இங்கிலிசில சொல்லு. எனக்கு வராது."

"என்னத்தைச் சொல்ல?"

"வான் பழுதாகேல்லை. நான் போனனான். திங்கள் பின்னேரமே அது விழுந்து கிடந்தது."

"அண்ணா, வேண்டாம்..."

"சுட எனக்கு லைசென்ஸ் இல்லை. பிடிபட்ட நரியை அவிட்டு விட்டால் இந்த நாட்டில குற்றம். ஆஸ்பத்திரியில இவரின்ர போன் ஓஃப். அடிச்சுக் கொல்லக் கை வரேல்லை. செவ்வாயும் போனனான். புதனும் போனனான். ஒவ்வொரு நாளும் ரண்டு தரம்."

ரே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

தாரகா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பலகைக்குள் சத்தம் நின்றிருந்தது.

"தண்ணி குடுத்தனான், தாரகா. ஒவ்வொரு தரமும். அதாலதான் அது சாகேல்லை."