கன்வின்ஸுக்கு டீயும் பிஸ்கட்டும்

சுனாமிக்கு அடுத்த வருடம், கதிரவெளியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள்தான் தொடங்கினாள்.

"மச்சாள், கரைய விட்டு உள்ளுக்குக் குடிபோகச் சொல்லி என்ஜிஓ ஆக்கள் உங்களையும் கன்வின்ஸ் பண்ண வந்தாங்களா?"

"வந்தாங்க. கன்வின்ஸ் எண்டா டீயும் பிஸ்கட்டும்தான். அவேர்னஸ் எண்டா ரோல்ஸ். மோட்டிவேஷன் எண்டாத்தான் கோழிச் சோத்துப் பார்சல்."

"மறுகா, ஓம் எண்டு சொல்லிட்டீங்களா?"

"சொன்னாப் பார்சல் நிண்டுபோயிருமே! யோசிச்சுச் சொல்றன் எண்டன்."

"அப்ப கரைய விட்டுப் போற எண்ணம் இல்லையா?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கடல் வீட்டுக்குள்ள வந்த அண்டைக்கே அது என்னைக் கன்வின்ஸ் பண்ணிட்டுது, புள்ள. டீயும் தரல்ல, பிஸ்கட்டும் தரல்ல."