மூன்று துண்டாக வந்த முன்பணம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீன் தயிர்சாதம் நன்றாக இருக்கும். அன்று அதைச் சாப்பிடக்கூட நான் எழுந்துபோகவில்லை என்பதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மெத்தனமாக இருந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

என் பெயர் ஜம்புநாதன். பதினொரு வருடமாக இங்கே கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருந்தார். கம்பெனி பஸ் வருவதற்குக் கால் மணி முன்பே நிறுத்தத்தில் நிற்பார். அந்த ரத்தம்தான் எனக்கும்.

எங்கள் வழக்கம் இதுதான். நோயாளி வீட்டார் முன்பணம் அனுப்பினால், வங்கிக்கு வந்த வரவையும் நாங்கள் போட்ட பில்லையும் கணக்கு மென்பொருள் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். அதனிடம் ஏபிஐ என்ற இணைப்பு வழியாகக் கேட்டுப் பதில் வாங்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். பில் எண்ணைக் கொடுத்தால் ‘பொருந்தியது’ அல்லது ‘பொருந்தவில்லை’ என்று வரும். பொருந்தினால்தான் கவுண்டரில் பச்சை காட்டும், ஆபரேஷன் தியேட்டருக்குத் தகவல் போகும். பொருந்தாததைக் கையால் பொருத்தும் உரிமை எனக்கு மட்டும் உண்டு. பத்தொன்பது மாதமாக நான் அதைத் தொட்டதில்லை. மாதாந்திர மீட்டிங்கில் ‘கைத்திருத்தம்: பூஜ்யம்’ என்று திரையில் போடுவார்கள், டைரக்டர் கைதட்டுவார். இந்த வேலையில் எனக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது, சொல்லுங்கள்.

மோகன் என்பவரை அன்று காலை எட்டரைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பல் பகுதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மதியத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னாராம். முன்பணம் இரண்டரை லட்சம்.

அவர் மனைவி ஸ்டெல்லா ஒன்பதரைக்கே பணத்தை அனுப்பிவிட்டார். எப்படி அனுப்பினார் என்பதுதான் விஷயம். தன் போனிலிருந்து ஒரு லட்சம், கொழுந்தன் முரளியின் போனிலிருந்து ஒரு லட்சம், பக்கத்து வீட்டு ராஜியின் போனிலிருந்து ஐம்பதாயிரம். பில் ஒன்று, வரவு மூன்று, பெயர் மூன்று. அதில் நோயாளியின் பெயர் இல்லவே இல்லை. ‘பொருந்தவில்லை’ என்றது மென்பொருள். அதன்மேல் தப்பில்லை.

பத்து மணிக்கு அந்த அம்மா என் அறைக்கே வந்துவிட்டார்.

“சார், ஒரு போன்லேருந்து ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். அதான் மூணு பேரா போட்டோம். எல்லார் அக்கவுண்ட்லயும் பைசா கட் ஆயிடுச்சு. அப்புறம் ஏன் சார் இன்னும் வரலங்கறாங்க?”

“வரலன்னு யாரும் சொல்லலம்மா. பொருந்தலன்னுதான் சொல்றோம்” என்றேன். மூவரும் தனித்தனியாக, இந்தப் பணம் மோகனுக்காகக் கொடுத்தது என்று கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

அவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். முரளியின் கடிதம் பதினொன்றரைக்கு வந்தது. ராஜி விஜயவாடா ரயிலில் இருந்தார், போன் கிடைக்கவில்லை.

“அவங்களுக்கும் சேத்து நானே எழுதித் தரேன் சார். ஓடிப்போற ஆளா நாங்க?” என்று ஸ்டெல்லா அழுதார். எனக்கும் மனசு கனத்துப்போயிற்று. ஆனால் ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரிலிருந்து ரக்ஷிதா போன் செய்தாள். “சார், தியேட்டர்லேருந்து ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. நீங்க ஓகே பண்ணிடுங்களேன்.” திரையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல் என்றேன்.

ஒன்பதே முக்காலிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை ஸ்டேட்டஸ் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினேழு முறை. கணினிப் பதிவில் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். அக்கறை இல்லாதவன் அப்படிப் பார்ப்பானா? பதினேழாவது முறை பார்த்த ஐந்தாவது நிமிடம் மோகன் இறந்துவிட்டார். நாற்பத்தாறு வயது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடிதம் வேண்டும் என்ற விதியைக் காட்டச் சொன்னீர்கள். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த அம்மா என் எதிரே நின்றபோது அது சரியென்று பட்டது, வைத்தேன்.

இரண்டு மணிக்கு என்ன செய்தேன் என்றும் கேட்டீர்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. பொருந்தாத வரவைத் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் இரண்டரை லட்ச பில்லை ரத்து செய்துவிட்டு, லட்சம், லட்சம், ஐம்பதாயிரம் என்று அனுப்பியவர்கள் பெயரிலேயே மூன்று பில்லாகப் போட்டேன். மென்பொருள் மூன்றையும் தானே பொருத்திக்கொண்டது. என் கை படவில்லை, பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆனது.

இந்த வழி காலையில் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல்முறை ஸ்டேட்டஸ் பார்த்தபோதே தெரியும். கேட்டவுடன் செய்து கொடுத்தால் நாளைக்கு ஆளாளுக்குத் துண்டு துண்டாக அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை அலைந்தால்தான் அந்த அம்மா அடுத்த முறை ஒழுங்காக ஒரே தொகையாகக் கட்டுவார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.