நம்பான் முடிக்காத வரி

அட, கயித்தக் கீழ போடுங்கப்பா! கூலிக்கு மேக்க இருந்து வந்த ஆளுகளுக்கு எங்க கரைவலைப் பழக்கம் தெரியாது. பாட்டு இந்த எடத்துக்கு வந்தா எல்லாருங் கைய விட்டுறணும். ஏன்னா கேக்குறீக? சொல்றேன். குதிக்காம நில்லுங்க.

இந்தக் கரையில சவுக்கு வைக்காத காலம். எங்க தாத்தனுக்கும் முந்துன தாத்தன் ஒருத்தர் இருந்தாராம், நம்பான்னு பேரு. வலை இழுக்கையில அம்பாப் பாட்டு பாடுறவரு. அவரு வரி எடுத்தா கயிறு நகரும், வரி நின்னா கயிறும் நிக்கும். பாட்டு இல்லாம இழுக்க இந்தச் சனத்துக்குக் கை வராது. இன்னைக்கும் வராது.

ஒரு நா வலை கனத்துச்சாம். அம்புட்டும் மீனுன்னு நெனச்சு நம்பான் தொண்டை கிழியப் பாடுனாராம். சனம் இழுத்துச்சாம், இழுத்துச்சாம். வலையில மீனு சேர்ற மடி கரைக்கு வந்தா, உள்ள கெடந்தது ஆவுளியா. கடல்பசுன்னு சொல்லுவீகள்ல, அது. மீனு இல்லப்பா, நம்மள மாதிரி மூச்சு வாங்குற சீவன். மேல வர விடாம இழுத்ததுல மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. வந்தத விடுவாகளா? அறுத்துப் பங்கு வச்சாக. அறுக்கையில மண்ணுல பால் வடிஞ்சுச்சாம். அத நம்பான் பொஞ்சாதி முத்திருளாயி பாத்துட்டா. அவளும் கைப்புள்ளக்காரி.

அன்னையிலிருந்து அந்த ஆவுளியாவோட கன்னு கரையோரமாப் போகுதாம், வருதாம். போகுதாம், வருதாம். மூக்கத் தூக்கி 'புஸ்ஸு'ங்குதாம். நம்பானும் கரையில போவாராம், வருவாராம். சோறு எறங்கல. "எம் பாட்டுதான கொன்னுச்சு"ன்னு பொலம்புவாராம். பொறவு ஒரு நா கன்னக் காணோம்.

அப்பறம் வாடைக்காத்து. மீனே இல்ல. ஊரே பட்டினி. முத்திருளாயிக்கும் பாலு வத்திப்போச்சு, புள்ள அழுதுக்கிட்டே கெடக்கு. அந்த நேரம் பாத்து வலை கனத்துச்சாம்! சனத்துக்கு வெறி. நம்பான் பாடுறாரு:

ஏலா ஏலேலோ, கடலாத்தா வாராளாம்,
ஏலா ஏலேலோ, அள்ளித் தரப் போறா...

'போறாளாம்'னு முடிக்கணும். முடிக்கல. காதுல விழுந்துச்சு, புஸ்ஸு.

பாட்டு நின்னுச்சு. கயிறு நின்னுச்சு.

"பாடுறா!"ன்னு கத்துனாராம் வலைக்குச் சொந்தக்கார சம்மாட்டி.

"மாட்டேன்யா. உள்ள மூச்சுக் கேக்குது."

"மூச்சாவது மண்ணாவது! ஊரு பட்டினி கெடக்கு, பாடுறா!"

முத்திருளாயியே கத்துனாளாம், "யோவ், புள்ளைக்கிக் குடுக்க எங்கிட்ட பாலு இல்லய்யா, பாடுய்யா!" பாலுன்னு சொன்னதுமே மண்ணுல வடிஞ்சது அவளுக்கு ஞாபகம் வந்துருச்சு. கயித்த மொதல்ல விட்டது அவதான்.

நம்பான் நெஞ்சளவு தண்ணியில எறங்கி மடிய அவுத்தாராம். ஆவுளியா போச்சு. பாதி மீனும் போச்சு. பழைய கன்னு தானா அதுன்னு யாருக்குத் தெரியும்?

சம்மாட்டி ரெண்டு பேரையும் வெரட்டிவிட்டாராம். மறுநா வேற ஆளு பாடுனான். 'போறா'ன்னதும் நின்னுட்டான். என்னடான்னு சம்மாட்டியே பாடுனாரு. அந்த வரிக்கு வந்ததும் அவரு காதும் தண்ணிக்குப் போயிருச்சு, வாய் நின்னுபோச்சு. அன்னைக்கே நம்பானக் கூட்டியாரச் சொல்லி ஆளு அனுப்புனாராம்.

அதான் எங்க அம்பாவுல அந்த வரிய யாரும் முடிக்கிறதில்ல. கயித்த விட்டா வலை தளரும். உள்ள ஏதும் இருந்தா மூச்சு வாங்க மேல வரும். வரக் கொஞ்ச நேரமாகும், அது வரைக்கும் நிக்கணும். நிக்க முடியாம காலு பரபரங்கும், எனக்கும்தான். அதுக்காகத்தான் இந்தக் கதைய இங்க வச்சே சொல்றது. கதை முடியிற நேரமும் அது மூச்சுக்கு வர்ற நேரமும் ஒண்ணு.

கதை முடிஞ்சது. இப்பப் பேசாம காதக் குடுங்க.

...கேட்டுச்சா?

அடியாத்தீ, கேட்டுச்சாய்யா? வாங்க, வாங்க, மடிய அவுக்க எங்கூட எறங்குங்க!