வாய் நிறையக் குண்டூசி

பெரும் பொறுமையோடு இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தையற்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே, கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர்களான மூத்தவர்களே, பிள்ளையை மடியிலும் தூக்கத்தைக் கண்ணிலும் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தே தீருவது என்று வந்திருக்கும் தாய்மார்களே, பொத்தானுக்குக் காஜா எடுப்பவர்களே, லேஸ் வைப்பவர்களே, நேற்றே கொடுத்திருக்க வேண்டிய துணியை இன்னும் கொடுக்காமல் இங்கே வந்து ஒளிந்திருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசியாகச் சொன்னவர்களிடமிருந்துதான் கைதட்டல் பலமாக வருகிறது. பரவாயில்லை, நம்ம ஆட்கள்தான்.

மணமகளின் மேனிக்கு மாசறப் பொருந்தும் உடை தைத்துத் தருகிற இடம் என்று எங்கள் கடைக்கு இன்று ஒரு விருது தந்திருக்கிறீர்கள். விருதுக்கு உரியவள் என் இல்லத்தரசி. வெட்டியவள் அவள், தைத்தவள் அவள், பிரித்தவள் அவள், பிரித்ததை மறுபடி பிடித்தவளும் அவள். நான் யார்? முன்கூடத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, "உக்காருங்கம்மா, இப்பக் கூப்பிடுவாங்க" என்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவன் கையில் மைக் எப்படி வந்தது? அவளைத்தான் பேசச் சொன்னேன். தனக்குப் பேச வராது, நீங்களே போய் எதையாவது பேசிவிட்டு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டாள். அதோ, முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி பக்கத்து நாற்காலி உறையின் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

அவளுக்குப் பேச வராது என்பது பொய்யல்ல. ஏன் வராது? வாய் நிறையக் குண்டூசி! காலையில் கடை திறந்தால் உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளை வரிசையாகச் செருகிக்கொள்வாள். ஒரு கை துணியைப் பிடிக்கும், ஒரு கை வாயிலிருந்து ஊசியை எடுக்கும். வாயைத் திறந்தால் ஊசி விழும். விழுந்தால் பட்டில் சிக்கும், பட்டில் சிக்கினால் மணப்பெண்ணைக் குத்தும். ஆகவே எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். டீ வேணுமா? ம். வெளியே மழையா? ம். என்னைக் கட்டிக்கிட்டதுல உனக்கு வருத்தமா? அதற்கும் ம்!

சிரியுங்கள், சிரியுங்கள். இந்த இடத்தில் நானும் பல வருடம் சிரித்தவன்தான். சிரிப்பு எங்கே நின்றது என்று சொல்லத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன்.

எங்கள் கடையில் முன்கூடம் ஒன்று, அதன் பின்னால் போட்டுப் பார்க்கிற அறை ஒன்று. நடுவில் சுவர்கூட இல்லை, ஒரு கனத்த திரைதான். அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன் ஒரு முழ உயரத்துக்கு ஒரு மரப்பலகை. கவுனின் கீழ்விளிம்பு தரையில் எப்படி விழுகிறது என்று பார்க்க, மணப்பெண் அதன்மேல்தான் ஏறி நிற்கவேண்டும். ஆனால் இந்தக் காலத்து மணப்பெண் எத்தனை முறை வருவாள்? அளவு கொடுக்க வருவாள், வாங்கிப் போக வருவாள். இடையில் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள், பயணம் என்பாள். அப்படியானால் பாதி தைத்த கவுனை யார்மேல் போட்டுப் பார்ப்பது?

பொம்மை இருக்கிறதே என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. இருக்கிறது ஐயா, எங்களிடமும் தலையில்லாத பொம்மை ஒன்று இருக்கிறது. ஆனால் என் இல்லத்தரசிக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. பொம்மை மூச்சு விடாது. மூச்சு விட்டால்தானே ஹூக் தெறிக்குமா, தாங்குமா என்று தெரியும்? பொம்மை கையைத் தூக்காது, குனியாது, சிரிக்காது. சிரித்தால் இடுப்பில் துணி எப்படி இழுக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பாள். அவளுக்கு உயிருள்ள உடம்பு வேண்டும். அந்த உயிருள்ள உடம்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது. எங்கள் ஒரே மகள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா உயரம் வளர்ந்துவிட்ட பெண். பையைக் கீழே வைக்கும் முன்பே உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். எங்கள் கடையில் லேஸ் வைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், வாய்க்குப் பூட்டே கிடையாது. "கல்யாணப் பொண்ணு வந்தாச்சு, பலகையைத் துடைங்க" என்பார். அதுவே பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிட்டது. யார் யாருக்கோ தைத்த கவுனெல்லாம் முதலில் இறங்கியது அந்தப் பிள்ளையின் தோளில்தான். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஒரு கல்யாணம். எங்கள் மகளுக்கோ வாராவாரம்!

முதலில் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எந்தப் பெண்ணுக்கு இருக்காது? பலகைமேல் நின்று கண்ணாடியைப் பார்ப்பாள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குக் குரல் மட்டும் கேட்கும்.

"அம்மா, எனக்கு நல்லா இருக்காம்மா?"

"ம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊசி இறங்கும் சத்தம்கூட எனக்குக் கேட்பதுபோல் இருக்கும். என் இல்லத்தரசியின் கண் எங்கே இருந்தது? இடுப்பு மடிப்பில் இருந்தது. விளிம்பு வளைவில் இருந்தது. வாயில் ஊசி இல்லாத அபூர்வமான நேரத்தில் அவள் சொன்னது இரண்டே சொல்தான். அசையாம நில்லு. கொஞ்சம் மூச்சைப் பிடி என்றும் சேர்த்துச் சொல்வாள். என்ன வேடிக்கை பாருங்கள். மூச்சு விடுகிற உடம்பு வேண்டும் என்று பொம்மையை ஒதுக்கிவிட்டு, மூச்சு விடுகிற பிள்ளையை நிறுத்தி, மூச்சை விடாதே என்றோம்.

அம்மா என்ற சொல்லிலே உயிர் இருக்கிறது, மெய் இருக்கிறது, உயிர்மெய் இருக்கிறது என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். நானும் அதையேதான் சொல்லப்போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. என் மகள் அந்தச் சொல்லை முழுதாகத்தான் கூப்பிட்டாள். உயிரோடு கூப்பிட்டாள், மெய்யோடு கூப்பிட்டாள். அவளுக்குத் திரும்பிக் கிடைத்தது என்ன? அந்தச் சொல்லின் நடுவெழுத்து மட்டும். "ம்." தலையில் புள்ளி வைத்த ஒற்றை மெய். உயிர் சேராத மெய். அதைத்தான் நாங்கள் அந்தப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம்.

பிறகு ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. கேட்காமல் விட்டது யாருக்கும் தெரிவதில்லை. அவள் வருவாள், ஏறுவாள், நிற்பாள், இறங்குவாள். நல்ல பிள்ளை, அலட்டிக்கொள்ளாத பிள்ளை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

காலம் போனது. படித்தாள், வேலைக்குப் போனாள், அவளே ஒரு நல்ல பையனைப் பார்த்துச் சொன்னாள். எங்களுக்கும் பிடித்திருந்தது. என் இல்லத்தரசி அலமாரியின் மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, பாலாடை நிறத்தில் ஒரு பட்டு வைத்திருந்தாள். எத்தனையோ மணப்பெண்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கவில்லை. அது யாருக்கு என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். இனி அந்தப் பட்டு வெட்டும் மேசைக்கு வரப்போகிறது என்று காத்திருந்தோம்.

மேசைக்கு வந்தது ஓர் அட்டைப்பெட்டி. மகள்தான் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே தைத்த கவுன். ஏதோ ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கியது.

என் இல்லத்தரசி அப்போது வேறொரு பெண்ணின் தோள்பட்டையில் வேலையாக இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மகள் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்க தைச்சா நான் மறுபடியும் அந்தப் பலகை மேல நிக்கணும்மா. எல்லார் கல்யாணத்துக்கும் நின்னாச்சு. என் கல்யாணத்துக்காவது நிக்காம இருக்கேனே."

இதற்கு ஒரு தாய் என்ன சொல்லவேண்டும்? அழலாம், திட்டலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவள் வாயில் ஊசி. "ம்" என்றாள். திரும்பி, குத்திய இடத்திலேயே மறுபடி மறுபடி குத்திக்கொண்டிருந்தாள்.

பொருத்தத்துக்காக விருது கொடுத்திருக்கிறீர்களே, சபையோரே, இதைக் கேளுங்கள். அந்த ரெடிமேட் கவுன் பொருந்தவில்லை. தோள் வழிந்தது, விளிம்பு தரையில் புரண்டது. கல்யாணம் நெருங்கிவிட்டது. வெளியில் எங்கேயாவது கொடுத்து ஆல்ட்டர் செய்துகொள்கிறேன் என்றாள் மகள். உன் தோள் வெளியே யாருக்குத் தெரியும் என்று ஊசிகளுக்கு நடுவிலேயே முணுமுணுத்தாள் தாய். அதெல்லாம் இருக்கட்டும், பலகையில் மட்டும் ஏறமாட்டேன் என்றாள் மகள். முன்கூடத்தில் நான். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவர்.

பிறகு என் இல்லத்தரசி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் இருந்த கண்ணாடித் தட்டில் போட்டாள். ஒவ்வொன்றும் விழுவது எனக்குக் கேட்டது.

"சரி. நான் ஏறுறேன். நீ குத்து."

இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். இடுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முன்வரிசையிலிருந்து பார்வையே கத்தரிபோல் வருகிறது. ஹூக் போடவில்லை, அவ்வளவுதான். உள்ளே கண்ணால் பார்க்க வேண்டியதையெல்லாம் என் இல்லத்தரசி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளின் கல்யாணக் கவுனைப் போட்டுக்கொண்டு தாய் பலகைமேல் ஏறி நின்றாள். வாழ்நாளெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே மண்டியிட்டவள் முதன்முறையாக மேலே நின்றாள். மகள் கீழே உட்கார்ந்தாள். பார்த்துப் பார்த்தே தொழில் கற்ற பிள்ளை. பழக்கதோஷம், ஊசிகளை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்துக்கொள்ளும் முன் ஒன்று சொன்னாள்.

"அசையாம நில்லும்மா."

தோழர்களே, அந்தச் சொல் எங்கே பிறந்து, எங்கே வளர்ந்து, யாரிடம் திரும்பி வந்தது என்று பார்த்தீர்களா? என் இல்லத்தரசி அசையவில்லை. கால் வலித்திருக்கும், ஒன்றிரண்டு ஊசி குத்தியும் இருக்கும். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் தன் முகம், மகளின் கவுன். அப்போதுதான் அவள் பேசினாள். பேச வராது என்று சொல்கிறவள் பேசினாள்.

"நீ கேப்பியே, நல்லா இருக்கான்னு. நல்லா இருந்துச்சுடி. எல்லாமே உனக்கு நல்லா இருந்துச்சு. உன்மேல பாத்துட்டு அந்தப் பொண்ணுங்களுக்குக் குடுத்தனுப்ப எனக்கு மனசே வராது."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ம்."

வாயில் ஊசி இருந்ததால் வந்த "ம்"மா? மன்னித்துச் சொன்ன "ம்"மா? இத்தனை காலம் கழித்துச் சொல்கிறாயே என்ற "ம்"மா? சும்மா உம் கொட்டினாளா? திரை நடுவில் இருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் குனிந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. கவுன் கச்சிதமாகப் பொருந்தியது. மகள் இப்போது தூரத்தில் இருக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். தொலைபேசியில் அழைப்பாள். இப்போதெல்லாம் தாய்தான் நிறையப் பேசுகிறாள், அங்கிருந்து ம் வருகிறது. இன்றைய விழாவுக்கும் கூப்பிட்டோம், வர முடியவில்லை. என் இல்லத்தரசிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது அதனால்தான். பட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை, வெட்டவும் இல்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது. விருது வாங்கிய மேடையில் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் இருக்கிறது. அந்தத் திரையை விலக்கி, "உனக்கு நல்லா இருக்கும்மா" என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இதோ என் சட்டைப்பையில் இருப்பது ஊசி மெத்தை. மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அன்றிலிருந்து எங்கள் கடையில் யாரும் வாயில் குண்டூசி வைப்பதில்லை. என் தொழிலின் உறவுகளே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன், வாயிலிருந்து ஊசியை எடுங்கள்! ஊசி பிடிக்காத மற்றவர்களே, உங்கள் வாயில் மட்டும் ஒன்றும் இல்லையா? கைபேசியைப் பார்த்துக்கொண்டே ம் சொல்கிறோமே, அது ஊசி இல்லையா? களைப்பு ஊசி இல்லையா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு ஊசி இல்லையா? மேனியை அளந்தோம், தோளை அளந்தோம், இடுப்பை அளந்தோம். நம் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காக நின்ற மனதை அளந்தோமா? நிற்கிறவர்கள் என்றைக்கும் நின்றுகொண்டே இருக்கமாட்டார்கள். கேட்கிறவர்கள் என்றைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கமாட்டார்கள். கேட்கும்போதே சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், முழுச் சொல்லாகச் சொல்லுங்கள்!

செயலாளர் எழுந்துவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா, இன்னும் ஒன்றே ஒன்று.

இன்று மாலை வீட்டிலிருந்து புறப்படும்போது, என் இல்லத்தரசி இந்த விழாவுக்கென்று தானே தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டாள். நான் இந்தப் பேச்சைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கேள்வி கேட்கும்போதே பதில் சொல்லுங்கள் என்ற இந்தப் பேச்சை! தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்" என்றேன்.

இல்லத்தரசியே, தலையை நிமிர்த்து. நாற்காலி உறையை விடு. சபை சாட்சியாகச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது. அந்த நீலம் உனக்கு மிகவும் நன்றாக இருக்கிறது.

மைக்கில் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவள் உதட்டைப் பார்த்தேன். ம் என்றாள்.

எனக்கு வேண்டியதுதான். அந்த எழுத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளையின் தோள் எவ்வளவு கனத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. விருது தந்த சங்கத்துக்கும், பொறுமை காத்த பெரியோருக்கும், இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனி அசையலாம், வாய்விட்டுப் பேசலாம். வணக்கம்.